க்யூ இல்லாத ஹார்பர்

ரகுவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்ட டிரெய்லர் டிரைவர் வேறு என்ன செய்வான்? வாசலுக்கும் அறைக்கும் நடந்தான். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தான். அடுப்படியில் அவன் மனைவி இசக்கிசெல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு அவள் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்: தெற்கே போகிறாளா, இங்கேயே இருக்கிறாளா என்று. ரகு அதைப் பற்றி இன்னும் உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரகு மணிமங்கலத்துக்காரன். ஒரகடத்து ஆலைகளில் ஏற்றிய கண்டெய்னரை ஹார்பரில் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. வழி கொஞ்சந்தான். ஹார்பர் கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரி க்யூதான் ஆளைத் தின்னும். சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். வண்டியை விட்டு இறங்கி நடக்கவும் முடியாது. கொஞ்சம் அசந்தால் பின்னால் நிற்பவன் முன்னால் நுழைந்துவிடுவான். மற்ற டிரைவர்கள் அந்த க்யூவைத் திட்டாத நாளில்லை. ரகு திட்டியதே இல்லை. அங்கே உட்கார்ந்துதானே அவன் இசக்கிசெல்வியைக் காதலித்தான்.

அவள் நாங்குநேரிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் பார்த்து நம்பர் வாங்கியதோடு சரி, மற்றதெல்லாம் போனில்தான். ரகு ஒரு விசித்திரப் பிறவி. எதிரே ஆள் இல்லாவிட்டால் அவன் வாய் நிற்காது. நேரில் ஆள் வந்தால் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகும் க்யூவிலிருந்தே குடித்தனம் நடந்தது. சண்டை, சமாதானம், கொஞ்சல் எல்லாம் அங்கிருந்துதான்.

அப்போதுதான் அரசாங்கம் துறைமுகங்களுக்குத் திட்டம் போட்டுக் கோடிகோடியாகப் பணம் இறக்கியது. புது கேட், நேரே கடற்கரைக்குப் போகும் சாலை, எந்த லாரி எப்போது வரவேண்டும் என்று போனிலேயே நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு. நல்ல காரியம், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் க்யூவில் ஒருத்தன் குடித்தனம் நடத்துகிறான் என்று திட்டம் போட்டவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

க்யூ காணாமல் போயிற்று. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு. முதல் வாரம் திருவிழாவாகத்தான் இருந்தது. பிறகு “சாப்டியா?”, “ம்” என்பதோடு பேச்சு முடிந்துபோயிற்று.

அதே திட்டத்தில் தெற்கேயும் ஒரு துறைமுகத்தைப் பெரிதாக்குகிறார்கள். அதை நம்பி இசக்கிசெல்வியின் கம்பெனி அங்கே ஓர் ஆலை கட்டியது. தெற்கத்திப் பெண்கள் வந்தால் லைன் லீடர் வேலை, ஹாஸ்டல் என்றார்கள். திங்கட்கிழமை அவள் ரகுவிடம், “என்ன சொல்லுதிய?” என்று கேட்டாள்.

“உன் இஷ்டம்,” என்றான் அந்த மகாபுத்திசாலி.

“இங்கன சுவத்தோட பேசுததுக்கு அங்க போய் நாலு பேரோட பேசலாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள். ரகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான். போனை எடுத்து அவளையே கூப்பிட்டான்.

“எங்க நிக்கிய?”

“டீக்கடையாண்ட.”

“இம்புட்டு நேரம் வீட்டுல இருந்துட்டு இப்ப எதுக்குப் போனு?”

“சும்மாத்தான். இன்னிக்கு ஹார்பர்ல இன்னா ஆச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தான். மடை திறந்துகொண்டது. புது கேட்டில் கார்டைக் காட்டத் தெரியாமல் ஒரு டிரைவர் கேமராவுக்கு வணக்கம் வைத்ததைச் சொன்னான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“செல்வி, போவாத. நீ பூட்டன்னா அந்த வூட்டுக்குள்ள வரவே எனக்கு பயமா கீது.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

“உள்ள வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. போன்ல சொன்னது செல்லாது,” என்று வைத்துவிட்டாள்.

ரகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். கட்டிலின்மேல் பை திறந்து கிடந்தது, அதில் இரண்டு புடவை. அவள் எதிரே நின்று அவனையே பார்த்தாள். அவன் குனிந்து பையிலிருந்து ஒரு புடவையை வெளியே எடுத்தான்.

“அது சேல. நான் இங்க நிக்கேன்,” என்றாள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஹார்பர் கேட்டில் புதிதாக நின்ற நாளில்கூட இத்தனை பயம் இல்லை.

“போவாத, செல்வி.”

அவன் கையிலிருந்த புடவையைப் பிடுங்கி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதத் திங்கக்கெழமையே சொன்னா என்னவாம்?”