மேல்வீட்டுக் கொம்பும் என் நாவூறும்

சங்கீதம் தெரிந்தவன் என்று யாரும் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. நான் பஸ் ஓட்டுபவன். ஜேர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ஒரு நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். அந்த நகரத்துக்கென்று ஒரு சிம்பொனி இசைக்குழு இருப்பதே முதல் பதினெட்டு வருடம் எனக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு, மண்டபத்துத் தரிப்பிடத்தில் கறுப்பு உடுப்புப் போட்ட வயதானவர்கள் கூட்டமாக ஏறுவார்கள். எல்லோரும் மெல்லிய குரலில் பேசுவார்கள். யாரோ பெரிய மனிதருடைய செத்தவீட்டுக்குப் போய் வருகிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என்னை அந்த மண்டபத்துக்குள் கொண்டுபோய்விட்டது எங்கள் மேல்வீட்டுக்குக் குடிவந்த பெண். முப்பது வயதிருக்கும். வந்த மூன்றாம் நாள் எங்கள் கதவைத் தட்டினார். தான் இசைக்குழுவில் ஹோர்ன் ஊதுவதாகவும், வீட்டில் பயிற்சி செய்ய வேண்டியிருப்பதாகவும் சொல்லி, எந்த நேரத்தில் ஊதினால் எங்களுக்குத் தொந்தரவில்லை என்று கேட்டார். ஹோர்ன் என்பது தேன்குழல் பிழிந்ததுபோலச் சுற்றிச் சுற்றி வளைத்த ஒரு பித்தளைக் கொம்பு. நாங்கள் பேசியதெல்லாம் ஜேர்மன் மொழியில்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் பேச்சாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் மத்தியான நேரத்தில் சுவரில் ஒரு ஆணி அடித்தாலும் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். நானோ அதிகாலை வேலைக்குப் போய், மத்தியானம் வந்து படுப்பவன். ஆனாலும் ஒருவர் வாசலில் வந்து நின்று இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது என்ன செய்வது? "நீங்கள் ஊதுங்கோ. நான் பஸ் எஞ்சினோடை இருந்து பழகின ஆள்," என்றேன். கதவைச் சாத்தியதும் மனைவி, "கேட்ட உடனை எல்லாத்துக்கும் ஓம் சொல்லுறதே? நித்திரை இல்லாமல் பஸ்ஸை எங்கை கொண்டுபோய் விடப்போறியள்?" என்றாள்.

நன்றிக்கு அவர் மாதாமாதம் இரண்டு டிக்கெட்டைத் தபால்பெட்டியில் போட்டார். முதல் தடவை மனைவியும் வந்தாள். நல்ல சேலை, கழுத்தில் அட்டியல். இடைவேளை வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. பாட்டு எப்ப துவங்கும்?" என்று கேட்டாள். யாரும் பாட மாட்டார்கள் என்று சொன்னபோது ஏமாந்துபோனாள். நான் ஏமாற்றிவிட்டதாக இன்றும் சொல்லுவாள். அதன்பிறகு நான் தனியே போனேன். மற்ற டிக்கெட்டை டிப்போவில் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

நான் கேட்கும் விதத்தை உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். யார் எழுதிய இசை என்பதை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் தாளில் பார்ப்பேன். மெதுவான பகுதியில் பாதி நாட்கள் நித்திரையாகிவிடுவேன். முழித்திருக்கும் நேரத்தில் பெரிய முரசுகளுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பேன். கால் மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் எண்ணிக்கொண்டு நிற்பார். திடீரென்று மூன்று அடி அடித்துவிட்டு மறுபடி எண்ணத் தொடங்குவார். மேடையில் சத்தமே போடாத ஒரே ஆள் முன்னால் நின்று கோல் ஆட்டுகிற நடத்துனர்தான், கைதட்டல் முழுக்க அவருக்குத்தான். கைதட்டி முடியுமுன் எழுந்து மேலங்கி எடுக்க ஓடுகிற நாலைந்து பேரையும் எனக்குத் தெரியும். அவர்கள் என் தடத்துப் பயணிகள், அடுத்த பஸ் இருபது நிமிடம் கழித்துத்தான். இப்போது டிக்கெட்டை நானே வாங்கிக்கொண்டு போகிறேன், நித்திரை மட்டும் குறையவில்லை.

ஆனால் அந்த வருடம் ஒரு விஷயத்தில் நான் மண்டபத்தில் இருந்த எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். கொம்பு என்ன ஊதப்போகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். என் படுக்கையறைக்கு நேர் மேலேதான் அவருடைய பயிற்சி அறை. கடினமான இடம் எது, எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சுரத்துக்கு முன்னால் சற்றுத் தயங்குகிறார் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே பழகிவிட்டேன். கொம்பு ஒரு பொல்லாத வாத்தியம். வயலினில் ஒரு விரல் பிசகினால் பதினைந்து வயலினுக்குள் மறைந்துவிடும். கொம்பில் ஒரு சுரம் உடைந்தால் கடைசி வரிசையில் நித்திரை கொள்ளுகிறவனும் எழும்புவான். நான் எழும்பியிருக்கிறேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் படியில் நின்று அவர் தன் நிலைமையைச் சொன்னார். இசைக்குழுவில் வேலை கிடைத்தாலும் முதல் வருடம் பரீட்சைக் காலமாம். அது முடியும்போது, கூட வாசிக்கிறவர்களே இரகசியமாக வாக்குப் போட்டு, வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுப்பார்களாம். எங்கள் சங்கங்களில் பொருளாளரைத் தெரிவு செய்வதற்கே கதிரை பறக்கும். இவர்கள் பக்கத்துக் கதிரையில் ஒரு வருடம் சிரித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடதாசியில் கீறிப் போடுகிறார்கள். அவர் ஏற்கெனவே வேறொரு நகரத்தில் இப்படி ஒரு வருடம் இருந்து, வாக்குப் போதாமல் வெளியே வந்தவர். "இந்த முறையும் இல்லையெண்டால் நான் இதை விட்டிடுவன். இனி ஏலாது," என்றார்.

வாக்கெடுப்பு சித்திரைக் கடைசியில் ஒரு புதன்கிழமை. அதற்குப் பத்து நாள் முந்திய ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒரு கச்சேரி, அதே நிகழ்ச்சி மறுநாள் திங்கள் இரவும். அதில் மெதுவான பகுதியின் தொடக்கத்தில் கொம்புக்கென்று தனியே ஒரு நீண்ட இடம். ஆறு கிழமையாக அதை என் தலைக்கு மேலே கேட்டிருக்கிறேன். "நீங்கள் ஞாயிறு வந்து கேட்டுச் சொல்லுங்கோ," என்றார். "என்னோடை வாசிக்கிற ஆக்கள் எல்லாருக்கும் நல்லது எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் இதை ஆரம்பத்திலையிருந்து கேட்ட ஆள்."

அந்த ஞாயிறு எனக்கு நித்திரை வரவில்லை. மெதுவான பகுதி தொடங்குமுன் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது, பனிக்காலத்தில் பாலத்தில் பஸ் ஓட்டும்போதுகூட அப்படி வேர்த்ததில்லை. பெரிய வயலின்கள் தாழ்ந்த சுரத்தில் மெல்லப் போய்க்கொண்டிருந்தன. கொம்பு எப்போது சேர்ந்தது என்றே தெரியவில்லை. வந்துவிட்டிருந்தது. மூச்சு எடுக்கிற நாலாவது இடத்தில் வழக்கமாக ஒரு தயக்கம் வரும், அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. பக்கத்துக் கதிரைக்காரர் தன் இருமலை அடக்கிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் என்னைக் கவனிக்கவில்லை.

முடிந்ததும் கலைஞர்கள் வெளியே வரும் பக்கத்து வாசலில் போய் நின்றேன். அவர் கொம்புப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

இங்கேதான் எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிறவர்கள். ஒரு காரியம் நடந்து முடியுமுன் புகழ்ந்தால் நாவூறு பட்டுக் கெட்டுவிடும். பிள்ளை கொழுகொழுவென்றிருந்தால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் பேசாமலிருப்போம். திருவிழாவில் நாதஸ்வரக்காரர் உருகி உருகி வாசித்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் பொன்னாடை போர்ப்போம். மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது கேட்டவர்களுக்கெல்லாம், "ஏதோ படிக்கிறாள்," என்றுதான் சொன்னேன். இந்தப் பெண்ணுக்கோ திங்கட்கிழமைக் கச்சேரி இருந்தது, அதற்கு மேல் வாக்கெடுப்பு இருந்தது. என் நாக்கால் அவருடைய வேலை கெட்டுப்போகக் கூடாது என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"குறை சொல்ல ஒண்டுமில்லை," என்றேன். "எல்லாம் முடியட்டும், பிறகு கதைப்பம்."

அவர் தலையை ஆட்டினார். நன்றி சொன்னார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அவர் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று மற்றப் பக்கம் போனார். பெரிய பத்தியம் ஒன்றைக் காத்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

அந்தக் கிழமை எனக்குப் பின்நேர வேலை. திங்கள் இரவு மண்டபத்துத் தரிப்பிடத்தில் வழக்கமான கறுப்பு உடுப்புக்காரர்கள் ஏறினார்கள். எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் இரண்டு மூதாட்டிகள். ஒருவர், "அந்தக் கொம்புப் பிள்ளை பாவம்," என்றார். மற்றவர், "தொடக்கத்திலேயே உடைஞ்சுபோச்சு, பிறகு எழும்பவே இல்லை," என்றார். அடுத்த தரிப்பிடத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தியும் நான் நிறுத்தாமல் போய்விட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படிச் செய்தது இரண்டோ மூன்றோ தடவைதான்.

மறுநாள் காலை மேலே போய்க் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததைக் கேள்விப்பட்டேன் என்று சொன்னேன்.

"ஞாயிறு நீங்கள் சொன்னதை இரவு முழுக்க யோசிச்சன்," என்றார். குரலில் கோபமில்லை. "இவ்வளவு நாள் கேட்ட உங்களுக்கே சொல்ல ஒண்டுமில்லையெண்டால், நான் பயந்து பயந்து ஊதியிருக்கிறன் எண்டு விளங்கிச்சுது. அதாலை நேற்றுக் கொஞ்சம் துணிஞ்சு பாத்தன். மூச்சைப் பிந்தி எடுத்தன். பிழைச்சுப்போச்சு."

படியில் நின்றபடியே நாவூறு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொல்லி முடித்தேன். கறுப்புப் பொட்டு, பொன்னாடை, என் மகளின் படிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் சாரதிப் பரீட்சைக்குப் படித்த ஜேர்மன் மொழியில் அதற்குச் சொற்கள் போதாது.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீங்கள் நல்லது எண்டு சொன்னால் என்ரை கொம்பு உடைஞ்சுபோகும் எண்டு பயந்தனீங்கள்?" என்றார்.

"ஓம்."

"சொல்லாமலே உடைஞ்சுபோச்சு."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "சரி, ஞாயிறு உண்மையிலை எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

வாக்கெடுப்புக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. முடியட்டும், முடியட்டும் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபடி இரண்டாம் தரமும் அதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நீங்கள் எப்ப துவங்கினீங்கள் எண்டே எனக்குத் தெரியேல்லை," என்றேன். "நாலாவது இடத்திலை வழமையாத் தயங்குவீங்கள். ஞாயிறு தயங்கேல்லை. எனக்குப் பக்கத்திலை இருந்த மனிசன் இருமாமல் இருக்கக் கஷ்டப்பட்டார். நான் அழுதனான். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்திலை அதைவிட வடிவான ஒண்டை நான் கேக்கேல்லை."

அவர் சப்பாத்து வைக்கும் பலகையில் அப்படியே இருந்துவிட்டார். "நன்றி," என்றார். நான் இறங்கி வந்தேன். கீழே எங்கள் கதவு திறந்தபடி இருந்தது, மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "கடைசியா வாயைத் திறந்து சொல்லிப்போட்டியள்," என்றாள். பிறகு குசினிக்குள் போய், செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, மேல்வீட்டுப் பக்கம் பார்த்து மூன்று தரம் சுற்றி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தாச்சியில் போட்டாள். நெடி கிளம்பி, கூரையிலிருந்த புகைக்கருவி அலறியது. இருமிக்கொண்டே யன்னலைத் திறந்தவள், "நெடி வருகுது. நாவூறு இல்லை," என்று திருப்தியாகச் சொன்னாள்.

வாக்கெடுப்பு நடந்த புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். பின்நேரம் ஆறு மணியிருக்கும், வெளியே நல்ல வெளிச்சம். மணி அடித்தது. அவர் வாசலில் நின்றார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"இல்லை," என்றார். "கொஞ்சம் போதேல்லையாம்."

மனைவி அவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து கதிரையில் இருத்தினாள். தேத்தண்ணி வைக்கப் போனாள். நான் எதிரே நின்றேன். என் மனதில் வந்தது ஒன்றுதான், அதை அப்படியே சொல்லியும் விட்டேன்.

"என்ரை நாக்காலைதான். எட்டு நாள் பொறுத்திருக்க வேணும். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு என்மேல் கோபம் வந்தது.

"அவை ஒரு வருசத்தைப் பாத்துப் போட்ட வாக்கு அது. உங்கடை சொல்லை அவை கேக்கேல்லை, நான்தான் கேட்டனான். இந்த நகரத்திலை எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். அதாலைதான் எல்லாம் கெட்டது எண்டு இப்ப நீங்கள் சொன்னால், அதுவும் எனக்கு இல்லாமல் போயிடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை என்னட்டையிருந்து எடுக்காதேங்கோ."

குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. நான் ஒரு கதிரையை இழுத்து அவர் முன்னால் இருந்தேன்.

"எடுக்கேல்லை," என்றேன். "நான் அழுதனான். வடிவா இருந்தது."