மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் அண்ணன் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, என் அறையிலிருந்து முன்ஹாலுக்குப் போகும் கதவைச் செங்கல் வைத்து அடைத்தான்.

"ஏளா, உயில்படி வீடு எனக்கு. கல்யாணம் ஆகாதவளாச்சேன்னுதான் ரூம்ல இருக்க விட்டுருக்கேன். போக வர பின்னால முடுக்கு இருக்குல்லா, அங்கன கூடிப் போ."

முடுக்கு என்றால் ஆள் மட்டும் நுழையும் சந்து. தெருச் சாக்கடை முழுக்க அதில்தான் ஓடும். நான் பள்ளிக்கூட டீச்சர். தினமும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சாக்கடையைத் தாண்டினேன். என்னோடு அதே அறையில் இருந்த சித்தியும் தாண்டினாள்.

சித்தி என்பவள் அப்பாவின் இரண்டாம் மனைவி. அம்மா செத்தபிறகு வீட்டில் சமைக்க வந்தவள். அப்பா மொத்த வீட்டையும் மகன் பேருக்கு உயில் எழுதி ரிஜிஸ்தர் செய்தது அவள் சமையல்காரியாக இருந்த அந்தக் காலத்தில்தான். எழுத வைத்தது அண்ணன். அடுத்த வருஷம் அவன் எங்கள் சர்ச் நிர்வாகத்துக்கான சேகரக் கமிட்டித் தேர்தலில் நின்றான். கோயிலில் அப்பாவையும் சமையல்காரியையும் பற்றி முணுமுணுப்பு கிளம்பியது. ஓட்டுப் போய்விடுமே என்று பதறி, அப்பாவை அவன்தான் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தான். மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்து, சபை அறிய கல்யாணம் நடந்தது. ரிஜிஸ்தரில் சாட்சிக் கையெழுத்தும் அவன்தான் போட்டான். கமிட்டியில் ஜெயித்தும் விட்டான்.

எனக்கு அறையாவது மிஞ்சுமா என்று கேட்கத்தான் ஒரு வக்கீலிடம் போனேன். அவர் உயிலைப் படித்தார், தேதியைப் பார்த்தார்.

"டீச்சர், ஓலை வாசிச்சது உயிலுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"பின்னால."

அவர் சிரித்தார். "நம்ம கிறிஸ்தவங்க உயில் எழுதினபிறகு கல்யாணம் பண்ணினா, அந்த உயில் அதோட செத்துப்போச்சு. ரிஜிஸ்தர் செஞ்சிருந்தாலும் சரி. சித்திக்கு மூணுல ஒண்ணு. மிச்சத்துல உங்களுக்குப் பாதி, உங்க அண்ணனுக்குப் பாதி."

அன்றைக்கு வக்கீல் வீட்டுப் படியில் உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் தேடி ஓடிச் செய்து வைத்த கல்யாணம்!

நானும் சித்தியும் கேஸ் போட்டோம். புது ஹார்பர் வந்த சமயம், சரக்கு வியாபாரம் செய்த அண்ணனுக்கு வேலை குவிந்தது. கேஸை மதிக்காமல் பின்பக்கக் காலியிடம் முழுக்க குடோன் கட்ட ஆரம்பித்தான். தடை வாங்கலாமா என்று கேட்டேன். வக்கீல் கையமர்த்தினார்.

"கட்டட்டும் டீச்சர். பாகம் பிரிக்கையில, அவர் கட்டின இடத்த அவருக்கே ஒதுக்கச் சொல்லி நாமளே கேட்போம்."

நான் தடை கேட்டு மனுப் போடவில்லை. அவன் ஆசையாக ஆசையாகத் தளம் போட்டான். ஜன்னலில் நின்று ஒவ்வொரு சட்டிக் கலவையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு வந்தது. பாகம் பிரிக்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் சங்கிலி பிடித்து அளந்தார். குடோனும் அதை ஒட்டிய பின்கட்டும் அண்ணனுக்கு. முன்ஹாலும் தெருவாசலும் எனக்கும் சித்திக்கும். அதே கொத்தனாரைத் தேடிப்பிடித்து, என் அறைக் கதவைத் திறக்கச் சொன்னேன். அந்தச் செங்கலையே எடுத்து, பின்கட்டிலிருந்து ஹாலுக்கு வரும் வழியை அடைக்கச் சொன்னேன்.

முதல் சனிக்கிழமையே அண்ணன் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான்.

"ஏளா, கமிட்டி மெம்பர் சாக்கடையத் தாண்டி வாரதப் பாத்து சனங்க சிரிக்குதாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் இங்கன கூடிப் போய்க்கிடுதேன்."

சித்தி என் முகத்தைப் பார்த்தாள். அவள் விட்டிருப்பாள். நான் விடவில்லை.

"அண்ணே, பின்னால முடுக்கு இருக்குல்லா. அங்கன கூடிப் போங்க."

மறுநாள் அவன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டினான். முடுக்கு தெருவில் சேரும் முனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் கோயிலுக்குப் போனேன். சபை முழுக்கச் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சொல்வேன். இந்த ஒன்றை மட்டும் அதில் சேர்த்ததில்லை. வருத்தமே இல்லாததை எப்படிச் சொல்ல?