பாபு கடையில் நான் ஓட்டிய லாரி

பாபு போய்விட்டான்... ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் கேம் கடை வைத்திருந்த பாபு.

காலையில் பால் வாங்கப் போனேன். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். நானாகப் படித்த முதல் சாவுச் செய்தி.

என் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்காதீர்கள். தாளில் எழுதித் தருகிறேன், மருமகள் போட்டோ எடுத்து நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். கோடு போட்ட தாள்தான்... ஆனாலும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. மூட்டை தூக்கிப் பழகிய கை. எழுதக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை.

என் மாலை வகுப்புத் தோழர்களே, உங்களுக்கு பாபுவைத் தெரியாது. சின்னக் கடை. மூன்று டிவி, ஒரு ஏசி, ஓரத்தில் ஒரு ஸ்டீரிங். வீடியோ கேம் ஆட மணிக்கு இவ்வளவு என்று வாங்குவான்.

நான் லாரி கிளீனராக இருந்தவன். கடைசி வரைக்கும் கிளீனர்தான். அப்போதெல்லாம் எட்டாவது படிக்காதவனுக்குப் பெரிய வண்டி லைசென்ஸ் கிடையாது. டிரைவர்கள் மாறினார்கள்... நான் இடது பக்கக் கதவிலேயே இருந்தேன்.

ஒரு நாள் மழைக்கு அந்தக் கடையில் ஒதுங்கினேன். டிவியில் பெரிய லாரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து நின்றேன்.

"இன்னா நைனா, அப்டி பாக்குற? ஓட்டித்தான் பாரேன்."

"லைசென்ஸ் இல்லப்பா."

"இங்க எந்த போலீசும் வரமாட்டான். குந்து."

தலை நரைத்த அந்த வயதில் லாரி ஓட்டினேன் நண்பர்களே! மலைப்பாதையில், மழையில், லைட் போட்டுக்கொண்டு!

ரிவர்ஸ் எடுக்கும்போது பாபு பக்கத்தில் நின்று மேசையைத் தட்டுவான். "வரலாம் வரலாம்... லெப்ட்ல ஒடி... போதும் போதும்!"

ஆயுசு பூராவும் நான் வண்டியைத் தட்டி வழி சொல்ல, எவனோ ஓட்டினான். எனக்காக ஒருவன் தட்டியது அங்கேதான்.

மணிக்கு நாற்பது ரூபாய் என்றான். வாரம் ஒரு முறை போவேன், நாற்பது கொடுப்பேன். வருஷக்கணக்காக அதே நாற்பது.

பாபு மட்டும் புலம்பிக்கொண்டே இருப்பான். "ஒரு கேம் வாங்கணும்னா அஞ்சாயிரம் கேக்குறான் நைனா. பெட்டி அம்பதாயிரத்துக்கு மேல பூட்ச்சி. எந்த சாமானும் பழசானா வெல எறங்கும்... இது மட்டும் பழசாயிகினே ஏறிகினு போவுது. அதுல மாசாமாசம் சந்தா வேற."

நான் "அடப் பாவமே" என்று சொல்லிக்கொண்டே கியர் மாற்றுவேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்புறம்தான் எழுதப் படிக்க நம் வகுப்பில் சேர்ந்தேன். நம் எல்லோருக்கும் இருக்கும் வியாதி உங்களுக்கே தெரியும். கண்ணில் படுகிற போர்டையெல்லாம் சத்தமாகப் படித்துவிடுவோம். பஸ் போர்டு, மருந்துக் கடை, 'இங்கே குப்பை கொட்டாதீர்'... ஒன்றையும் விடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை நிறையப் பையன்கள். நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால், சுவரில் பாபு கையால் எழுதிய போர்டு. எண்கள் எனக்கு எப்போதும் தெரியும். எந்த எண் எதற்கு என்றுதான் தெரியாது.

அன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன். எழுத்துகள் தாமாகவே சேர்ந்தன. குஷி தாங்கவில்லை. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன்.

"ஸ்... டீ... ரிங்... ஒரு... மணி... நேரம்... நூற்றைம்பது!"

படித்து முடித்த பிறகுதான் அர்த்தம் வந்தது.

"இன்னா பாபுண்ணா, பெர்சு நாப்பதுதானே குடுத்துகினு கீது? எங்களுக்கு மட்டும் ஏத்திகினே போற?"

"அண்ணாத்தே, எனக்கும் நாப்பதே போடு. நாளைலேர்ந்து எனக்கும் படிக்கத் தெரியாது!"

கடையே சிரித்தது.

பாபு சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "டேய், நைனா ஓட்றத பாக்க வாசல்ல எத்தினி பேரு நிக்கிறான் தெரியுமா? அவரு கடைக்கு வெளம்பரம்டா. நாந்தான் அவருக்குத் துட்டு குடுக்கணும்."

வாசலில் யாரும் இல்லை.

லாரியை நடு ரோட்டில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவிலேயே கால் வைக்கவில்லை. வகுப்புக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

ஒரு நாள் டீக்கடை பக்கம் பாபு பைக்கை நிறுத்திக் கூப்பிட்டான். "இன்னா நைனா, வண்டிய ரோட்ல உட்டுட்டு பூட்ட? பின்னாடி வர்றவன்லாம் ஆரன் அடிக்கிறான். வந்து எடு."

முட்டி வலி என்றேன்.

"வலிச்சா இன்னா? நீ ஸ்டீரிங்க புடி, ஆக்சிலேட்டர நான் அமுத்துறேன்."

வருகிறேன் என்றேன். போகவில்லை.

இன்றைக்குத்தான் போனேன்... அவன் வீட்டுக்கு. நெஞ்சு வலியாம். ஐம்பதுகூட ஆகவில்லை.

கடைசி சேரில் உட்கார்ந்தேன். அவன் மனைவி என்னைப் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "லாரி ஓட்ற நைனாவா நீங்க?" என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

சந்து குறுகல். பாபுவை ஏற்றிப் போக வந்த வேன் பின்பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும். டிரைவர் சின்னப் பையன், இரண்டு முறை சுவரில் உரசினான். ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள்.

எழுந்து போய் வண்டியைத் தட்டினேன். "வரலாம் வரலாம்... லெப்ட்ல ஒடி... போதும்."

ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். டிரைவர் என்னைப் பார்த்தான். கிளம்பலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டு தட்டு மட்டும் தட்டினேன்.

அங்கே வராததை இங்கே எழுதுகிறேன்.

போலாம் ரைட், பாபு.