அவள் துலக்கிய தகடுகள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த மறு வருஷம், மலேசியாவில், கிள்ளான் பட்டணத்தில் நீச்சல் குளம் வைத்த பழைய வீடு ஒன்றை வாங்கினேன். லோரி ஓட்டிப் பிழைத்தவனுக்குக் குளம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தண்ணீருக்குள் நடந்தால் கால் கொஞ்சம் தேறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் வாங்கினேன்.

பால் காய்ச்சிக் குடிபோன வாரமே குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. அது உப்புத் தண்ணீர்க் குளம். சுவரில் ஒரு பெட்டி. அதிலிருந்து கரண்டு பாய்ந்தால், குழாய்க்குள் இருக்கும் தகடுகள் அந்த உப்புத் தண்ணீரிலிருந்தே குளோரினை உண்டாக்கும். பெட்டியில் கோளாறு என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. உப்புக் குறைவு போலிருக்கிறது என்று மூட்டை மூட்டையாகக் கொட்டினேன். விளக்கு மாறவில்லை. பம்ப் ஓடியது. ஃபில்டரைக் கழுவினேன், ஃபியூஸை மாற்றினேன். கடைசியில் குழாயைக் கழற்றித் தகடுகளை எடுத்தால், வெந்நீர்க் கேத்தலின் அடியில் படிவதுபோல் வெள்ளையாக அப்பிக் கிடந்தது. அதற்கடியில் கரேலென்று கறுப்பு.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பூசைக்குக் குத்துவிளக்கு துலக்கப் புளி ஊறப் போட்டிருந்தேன். அவளுக்கு முடியாமல் போன பிறகு அது என் வேலை.

"ஏங்க, அந்தத் தகட்டைக் கொடுங்க. நான் தேய்ச்சுத் தரேன்."

"உன்னால முடியாதும்மா."

"ஒரு கை இருக்குல்ல? நீங்க துலக்குற விளக்கைப் பார்த்து முருகனே முகத்தைத் திருப்பிக்கிறாரு. இதையாச்சும் நான் செய்றேன்."

நான் பிடித்துக்கொண்டேன். அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். நார் நுழையாத இடுக்கில் துணியைக் கிழித்து விட்டு இழுத்தாள். வெள்ளை போனது, கறுப்பும் போனது. தகடுகள் வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னின. தினமும், "நான் எதுக்குங்க இருக்கேன், சோத்துக்குத் தண்டமா" என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

மாட்டிப் பார்த்தேன். அதே சிவப்பு விளக்கு. மறுநாள் குளம் பழுது பார்க்கும் சீனரைக் கூட்டி வந்தேன். தகடுகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அங்கிள், யாரு தேய்ச்சது? என் வீட்டுக்கு அனுப்புங்க லா, சட்டியெல்லாம் கறுத்துக் கிடக்கு."

"என் சம்சாரம், பாஸ்."

அவர் சிரிப்பு நின்றது. "கறுப்பு அழுக்கு இல்ல, அங்கிள். அந்தப் பூச்சுதான் குளோரின் உண்டாக்குறது. ஆசிட்ல கொஞ்ச நேரம் ஊற வச்சா வெள்ளை தானா போயிருக்கும். இப்ப எல்லாம் போச்சு. இந்தப் பழைய மாடலுக்கு வேற தகடும் வர்றதில்ல. கையால குளோரின் போடுங்க."

சிவப்பு விளக்கின் ஒயரை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் வெட்டினார்.

உள்ளே போனதும் கேட்டாள், "என்னங்க சொன்னாரு?"

"பெட்டியிலதான் கோளாறாம், சரி பண்ணிட்டாரு. தகட்டை உங்க சம்சாரம் நல்லாத் தேய்ச்சிருக்காங்கன்னாரு."

நெற்றியில் திருநீறோடு சொன்ன பொய். முருகன் என்ன நினைத்தாரோ.

அவள் எழும்புவதற்கு முன்னால் குளத்தில் குளோரின் போட்டுவிட்டு வந்துவிடுவேன். தண்ணீர் தெளிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் நடந்தாள். "பார்த்தீங்களா, அடி தெரியுது" என்பாள். வியாழக்கிழமை நான் குத்துவிளக்கு துலக்க உட்கார்ந்தால் தகடுகளைக் கேட்பாள். கழற்றித் தருவேன், தேய்த்ததும் திரும்ப மாட்டுவேன். கால் மட்டும் தேறவில்லை.

மழைக்காலத்தில் மறுபடி பக்கவாதம் வந்தது. இந்த முறை வலது கையையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வியாழக்கிழமைதான். தகடுகளைக் கட்டிலுக்குக் கொண்டுபோய் நாரை அவள் கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. நார் போர்வையில் விழுந்தது.

"நீங்களே தேய்ங்க" என்றாள். பேச்சு குழறியது.

கட்டிலோரம் உட்கார்ந்து தேய்த்தேன். பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"ஓரத்துல விட்டுட்டீங்க" என்றாள்.

ஓரத்தை மறுபடி தேய்த்தேன்.