கெய்ரோவில் கை நனைத்தது

ஒஸ்லோவில் நான் படித்த கல்லூரியில் எகிப்துப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது பிரமிட்டுத்தான். ஆனால் பயணத்தில் பாதி சேவை. காலையில் கெய்ரோவின் ஓரத்தில் சூடான் அகதிப் பெண்கள் நடத்தும் சிறிய பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூச வேண்டும், பிற்பகலில் ஊர் பார்க்கலாம். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்காரர் எல்லோரும் வசந்தம் வந்தால் சேர்ந்து முற்றம் கூட்டி வேலிக்கு வர்ணம் பூசுவோம். அதனால் தூரிகை எனக்குப் புதிதில்லை.

எங்கள் ஆசிரியை நல்ல மனுசி. அவர்களே இல்லாதவர்கள், நாம் பாரமாக இருக்கக்கூடாது என்று விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஆகவே நோர்வேக்காரர் எங்கே போனாலும் கட்டிக்கொண்டு போகும் மாத்பக்கேயை, அதாவது கடதாசியில் சுற்றிய பாண் துண்டுகளை, எகிப்திலும் கட்டினோம். பழுப்புச் சீஸ்கூட ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தது. கெய்ரோ விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அதை முகர்ந்து பார்த்து, சவர்க்காரமா என்று கேட்டார்.

முதல் நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தை நடத்தும் பெண்மணி எங்களை உள்ளே அழைத்தார். பாய் விரித்து, பெரிய தட்டம் நிறைய மெல்லிய புளித்த ரொட்டியும் வெண்டைக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். விடியவே எழும்பிச் சமைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவினர் சிரித்த முகத்தோடு, நன்றி, எங்களிடம் சாப்பாடு இருக்கிறது என்று சொல்லி, சுவரோரமாக வரிசையாக இருந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். நானும் பிரித்தேன். அவர் தட்டத்தைத் துணியால் மூடி உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த நாள் வாசலிலேயே நின்றார். மிச்சச் சுவரைத் தாங்களே பூசிக்கொள்வதாக ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வர்ணம் பிடிக்கவில்லையோ என்று பஸ்ஸுக்குள் ஒரு கூட்டமே நடந்தது.

எனக்கு விளங்கியது. எங்கள் தமிழ் ஆட்களுக்குள் ஒருவரோடு கோபமென்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பினால் அது சண்டைக்குச் சமம். அப்படி முகம் பார்க்காமல் போன இரண்டு குடும்பங்களை ஒஸ்லோவிலேயே எனக்குத் தெரியும். அந்தப் பெண்மணி என்ன நினைத்திருப்பார்? தன் கையால் சமைத்ததை நாங்கள் அருவருத்து ஒதுக்கிவிட்டோம் என்றுதான். அந்தக் கதவு திறக்காமல் ஒஸ்லோவுக்குத் திரும்ப என்னால் முடியாது.

பஸ் அருங்காட்சியகத்துக்குப் புறப்படப் பார்த்தது. சாப்பிடப் போகிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தட்டினேன். கதவு பாதி திறந்தது.

"பசிக்கிறது," என்றேன். "நேற்றே இங்கே சாப்பிட்டிருக்க வேண்டும்."

அவர் என் கையைப் பார்த்தார். "உன் ரொட்டி எங்கே?"

"பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன்."

அவர் கதவை முழுதாகத் திறந்து, இன்றைக்குப் பருப்பு மட்டும்தான் என்றார். நல்ல உறைப்பு. கையால் வழித்துச் சாப்பிட்டு இரண்டாம் தரமும் கேட்டேன். அப்போதுதான் சிரித்தார். நாளைக்கு எல்லோரையும் கூட்டிவா, ஆனால் வெறுங்கையோடு வரச்சொல் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிரமிட் பாத்தனியோ?"

"நாளைக்குத்தான் அம்மா." நடந்ததைச் சொன்னேன்.

"நாங்கள் நோர்வேக்கு வந்த புதிசிலை, அகதி முகாமிலை எங்களுக்கு மொழி படிப்பிக்க ஒரு நோர்வேப் பிள்ளை வாறவ. நான் அவவுக்கெண்டு பிட்டு அவிச்சனான். அவ நன்றி எண்டு சொல்லிப்போட்டு, தன்ரை பாணை எடுத்துச் சாப்பிட்டவ."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"மூடி வைச்சனான். நல்ல பிள்ளை, கனநாள் வந்து படிப்பிச்சவ. நான் பிறகு ஒருநாளும் அவவுக்கெண்டு சமைக்கேல்லை."