வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதம். அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில் இருக்கிற எங்கள் கிராமத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். பின்னாலேயே கண் கலங்கிவிடும்.

என் கணவர் அரூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரொம்ப வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விட்ட நாள் வரை ஒரே வண்டிதான். முகப்பில் உருண்டை விளக்கு வைத்த பழைய காலத்து வேன். சித்தேரி மலையிலிருந்து பிரசவத்துக்கு ஆள் கூட்டி வரணும், பாம்பு கடித்தவரை சேலத்துக்குக் கொண்டு போகணும் என்று எந்த நேரத்திலும் போன் வரும். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். சுற்று வட்டாரத்துப் பெண்களையெல்லாம் பிரசவத்துக்கு ஏற்றிப் போன மனுஷன், எனக்கு வலி வந்த அன்று மட்டும் மலை மேல் இருந்தார். நான் மினி பஸ்ஸில் போய்ப் பிள்ளை பெற்றேன். அதை இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வயதான டாக்டர் மகனோடு வெளியூர் போனதும் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். வண்டி ஒரு பழைய இரும்புக் கடையில் வெயிலில் கிடந்தது. இவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் குறைவாகச் சாப்பிடுவார். ஒருநாள், "அதை வாங்கி டிபன் வண்டியா மாத்திக்கலாம். தீர்த்தமலை அடிவாரத்துல நிறுத்துனா சனி, ஞாயிறு வியாபாரம் ஆவும். நீ இட்லி ஊத்து, நான் டீ போடறேன்" என்றார். ஆசை டிபன் மேலேயா, வண்டி மேலேயா என்று எனக்குத் தெரியாதா என்ன. சரி என்றேன்.

வண்டியை எங்கள் பேருக்கு மாற்றித் தருகிற புரோக்கர், ஆம்புலன்ஸ் என்ற அடையாளம் ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது, முழுதாகப் பெயிண்ட் மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பட்டறையில் கேட்டால், அவர்கள் சொன்ன ரேட்டுக்குப் புது வண்டியே வாங்கலாம் போலிருந்தது. நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரஷ்ஷிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஹார்டுவேர் கடையில் யாரும் வாங்காமல் கிடந்த ஒரு மஞ்சள் டின்னைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வாசலில் வண்டியை நிறுத்தினோம்.

ஒரு வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் பால் ஊற்றப் போன பக்கத்து வீட்டு அக்கா தூக்கைக் கீழே போட்டுவிட்டு, "அய்யய்யோ, அண்ணனுக்கு என்னாச்சு?" என்று ஓடிவந்தார். அவரைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் கடைக்காரர். அவர் பின்னால் கோயில் பூசாரி. சேலத்திலிருந்து என் அக்கா போனிலேயே அழுகிறாள், யாரோ சொன்னார்களாம். "ஒண்ணும் இல்லீங்க, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கறோம்" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. இவரோ வண்டியைத் தேய்த்துக்கொண்டே, "நமக்கு இவ்வளவு சொந்தம் இருக்குதா!" என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொந்தத்தில் வராத ஒருவர் உண்டு. என் கணவரின் அண்ணன். ஏரிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்கு வந்து தாம்பூலத் தட்டில் வைத்துத் தராமல், அரூர் பஸ் ஸ்டாண்டில் தம்பியைப் பார்த்த இடத்தில் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார். "நான் என்ன மூணாவது மனுசனா?" என்று இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்துப் பால் காய்ச்சியபோது நான் மட்டும் போய் அழைத்தேன், தம்பி நேரில் வந்து அழைக்கவில்லை என்பதற்காக அவரும் வரவில்லை. இனிமேல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதிலிருந்து சந்தையில் எதிரே பார்த்தாலும் இருவருக்கும் கழுத்து வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார், ஆனால் பொங்கலன்று ஏரிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று வெயில் ஏறியதும் இவர் வண்டிக்குள்ளே போய்விட்டார். உள்கூரையைத் தேய்க்க வேண்டும். நின்றால் தலை இடிக்கும் என்று, நோயாளி படுக்கிற பலகையிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார். காதில் தூசி போகாமலிருக்க ஒரு வெள்ளைத் துண்டை முகவாயோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். மேலிருந்து பழைய பெயிண்ட் தூள் கொட்டி முகமெல்லாம் வெள்ளை. கண்ணில் விழுந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். பின்கதவு விரியத் திறந்திருந்தது.

அப்போதுதான் இவருடைய அண்ணன், எங்கள் பெரியவர், வந்தார். தோட்டத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்தவர் காதில் செய்தி விழுந்திருக்கிறது. போட்டது போட்டபடி, காலில் செருப்பில்லாமல், ஏரிக்கரை முள்ளிலும் கல்லிலும் ஓடி வந்திருக்கிறார். தலையெல்லாம் புளிய இலை. நான் தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கு வருகிறேன், அவர் நேராக வண்டியின் பின்கதவுக்குப் போய்விட்டார். உள்ளே முகவாய்க் கட்டோடு தம்பி படுத்திருக்கிறான்.

"தம்பீ... என்னை உட்டுட்டுப் போயிட்டியேடா..."

அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இவர் காலிரண்டையும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு பெரியவர் அலறினார். பயந்துபோய் எழுந்த என் கணவர் கூரையில் டங்கென்று தலையை மோதிக்கொண்டு, "யார்றா அது!" என்று கத்தினார்.

 இவர் வெள்ளை முகத்தோடு விழிக்கிறார். பெரியவர் அழுத முகத்தோடு பார்க்கிறார். பிறகு பெரியவருக்கு வந்ததே ஒரு கோபம்! அதுவும் தம்பியிடம் இல்லை, என்னிடம்.

"ஏம்மா, இந்த ஆளுக்கு அறிவு இருக்குதா? தாடையில துண்டு கட்டிக்கினு படுக்கற எடமா அது?"

இவரும் என்னைப் பார்த்தே, "நான் என்ன வேணும்னா படுத்தேன்? கூரை தேய்க்கறேன்னு சொல்லு" என்றார்.

பெரியவர் விருட்டென்று திரும்பினார். ஆனால் இரண்டடிக்கு மேல் நடக்க முடியவில்லை. அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். பாதத்தில் ரத்தம். நான் சொம்பில் தண்ணீர் நீட்டினேன். "குடிங்க மாமா" என்றேன். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பி நீட்டி இன்னும் கேட்டார்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு முறையாக அழைத்தால்தான் போவார்கள். கெட்டதுக்கு அழைப்பே வேண்டாம், காதில் விழுந்தாலே கிளம்பிவிட வேண்டும். அந்த முறைக்குத்தான் வந்தாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் முறைக்கு வருகிறவர் செருப்புப் போட்டுக்கொண்டல்லவா வருவார்.

போய்விடுவார் என்று பார்த்தால் போகவில்லை. வண்டியைச் சுற்றி வந்து மஞ்சள் டின்னைக் காலால் தட்டினார். "இது ஒரு கதவுக்காவது பத்துமாம்மா? கேட்டுச் சொல்லு."

"பத்துற வரைக்கும் அடிப்பேன்னு சொல்லு."

கையெட்டும் தூரத்தில் இருவரும் நிற்கிறார்கள், நடுவில் நான் தபால்காரி. மறுநாள் விடிந்ததும் பெரியவர் பாதிக்கு மேல் நிறைந்த ஒரு பச்சைப் பெயிண்ட் டின்னோடு வந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக் கம்பி, கதவுக்கெல்லாம் அடித்ததில் மிச்சமாம். மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் கிழித்தெடுத்து, தின்னர் ஊற்றிக் கலக்கி, என் பழைய சேலைத் துணியில் வடிகட்டினோம். கீழே பச்சை, மேலே மஞ்சள் என்று முடிவானது. அதுவும் என் வழியாகத்தான்.

கடைசியில் மிச்சமிருந்தது முன்பக்கம் மட்டும். ஆம்புலன்ஸ் என்று திருப்பிப் போட்ட சிவப்பு எழுத்து. முன்னால் போகிற வண்டிக்காரன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும் என்று இவர் கல்யாணமான புதிதில் எனக்குப் பெருமையாகக் காட்டியது. பிரஷ்ஷை நனைத்து எடுத்துக்கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார். பெயிண்ட் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுகிறது. எத்தனை உசிரை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி!  அழுகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. ஏதாவது சொல்லலாம் என்று நான் எழுந்தேன்.

அதற்குள் பெரியவர் பக்கத்தில் போய்விட்டார். இந்தமுறை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"குட்றா இங்க. நான் அடிக்கறேன். நீ அப்பால போயி உக்காரு."

"சரிண்ணா" என்றார் இவர்.

அவ்வளவுதான். பத்திரிகையைப் பற்றியோ பால் காய்ச்சியதைப் பற்றியோ அன்றும் யாரும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. அன்று மத்தியானம் கம்பங்களியும் கீரைக் கடைசலும் செய்தேன். இருவரும் அருகருகே உட்கார்ந்து, விரலெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக, தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நான் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வியாபாரம் சுமாராகத்தான் போகிறது. ஆனால் என்னிடம் ஒரு பழக்கம் மாறிவிட்டது. யார் எப்படி அழைத்தாலும், போனில் ஒரு வரி அனுப்பினாலும், ஏன், அனுப்பவே மறந்திருந்தாலும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கிளம்பிவிடுகிறேன். அழுவதற்கு மட்டும் செருப்பில்லாமல் ஓடுகிற சொந்தமாக இருக்க எனக்கு மனசில்லை.