எஸ்பெரார் என்ற வினைச்சொல்

ரங்கூனில் குண்டு விழுந்த அடுத்த மாதம் அக்கா கப்பலில் வந்து இறங்கினாள். அப்பாவும் நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் ஒரு பெண் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். யாரோ உதவி கேட்கிறார்கள் என்று அப்பா கையை விடுவித்துக்கொண்டார். அது அக்கா. பூசினாற்போல் இருந்தவளுக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

பெண்களையும் குழந்தைகளையும் மட்டும்தான் கப்பலில் ஏற்றினார்களாம். அக்கா புருஷன் அங்கே ஒரு மர ஆலையில் கணக்கர். பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று கரையில் நின்றுவிட்டார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் வீடு சாந்தோம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். அம்மா போய்ப் பல காலம் ஆகிவிட்டது. நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா பெரிய பையன்களுக்கு லத்தீன் நடத்தினார். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. இடோ என்று ஒரு மொழி. ஐரோப்பாவில் சிலர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியது. எல்லா நாட்டுக்காரரும் அதைப் பேசினால் சண்டையே வராது என்பார். தபாலிலேயே கற்றுக்கொண்டார். யுத்தம் வந்ததும் தபால் நின்றது. பேச ஆளில்லாமல் போனது.

அப்போதுதான் அடுத்த வீட்டுக்கு கோவாவிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தார். பாண்டு வாசிக்கும் மகனோடு இருந்தார். மகன் வீட்டில் தங்குவதே அபூர்வம். அந்த அம்மாளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, போர்த்துகீசு பேசுவார். லத்தீனையும் இடோவையும் வைத்துக்கொண்டு அப்பா அதில் பாதியைப் புரிந்துகொள்வார். மதில்மேல் கையூன்றி இருவரும் பேசுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அக்காவுக்கு வந்த நாளிலிருந்து சாப்பாடு தங்கவில்லை. கப்பல் தண்ணீர் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தோம். ஒருநாள் அந்த அம்மாள் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெளியே வந்து அப்பாவிடம் மெல்ல ஒரு வாக்கியம் சொன்னார். அது எஸ்பெரார் என்று முடிந்தது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எஸ்பெரார் என்றால் இடோவில் நம்பிக்கை வைத்தல். லத்தீனிலும் அதேதான். "உங்க அக்கா நம்பிக்கையோட இருக்காளாம். அந்தம்மா பார்த்தவுடனே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து தினமும் அக்காவிடம், நம்பிக்கையை விடாதே, மாப்பிள்ளை வந்துவிடுவார் என்பார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அடுத்த வீட்டிலிருந்து தவறாமல் சூப் வரும். அக்கா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அந்த அம்மாள் மதிலுக்கு மேலிருந்து அதட்டுவார். எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோனோம்.

ஏப்ரலில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. தியாகராய நகரில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக்கிடந்தன. என்னையும் அக்காவையும் திருச்சியில் பெரியப்பா வீட்டுக்கு அனுப்ப அப்பா முடிவு செய்தார். எழும்பூரில் ரயிலில் ஜனங்கள் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்த சமயம்.

ஜட்கா வாசலில் நின்றது. அக்கா டிரங்குப் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். அந்த அம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்துக் கோபமாக ஏதோ பொரிந்தார். அப்பாவுக்குப் புரியவில்லை. உடனே அந்த அம்மாள் அக்காவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "எஸ்பெரார்" என்றார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டிக் காட்டினார்.

அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நெசமாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாம்பா. அவர் வந்ததும் முதல்ல அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

ஜட்காவைத் திருப்பி அனுப்பினோம். அப்பா அன்று முழுக்க அந்த அம்மாளிடம் சைகையும் சொல்லுமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். லத்தீனில் நம்பிக்கை என்று பிறந்த சொல், போர்த்துகீசில் காத்திருப்பதற்கும் ஆகிவிட்டது. பிள்ளையுண்டாகியிருப்பதற்கும் அதையே சொல்வார்கள். ஸ்பானியர்களும் அப்படித்தானாம். இடோ செய்தவர்கள் இந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, காத்திருக்க ஜெர்மானியரிடமிருந்து வர்த்தார் என்று வேறு சொல் எடுத்தார்கள். "குழப்பமே வரக்கூடாதுன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலையில் ஒருவர் வந்தார். ஆலையில் அக்கா புருஷனோடு வேலை பார்த்தவர். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், காலெல்லாம் புண். மலை ஏறுவதற்கு முன்பே, மார்ச்சில், வழியில் அக்கா புருஷன் காலராவில் போய்விட்டார் என்றார். தானே குழி தோண்டியதாகச் சொன்னார். அக்கா வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அதே மார்ச்சில் அப்பா தினமும் அவளிடம் நம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அக்கா அதைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோவா அம்மாள்தான் குழந்தையை மடியில் வைத்து, விரலால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் அது வீறிட்டு அழுதபோது அக்கா எழுந்து கையை நீட்டினாள்.

"குடுங்க," என்றாள் தமிழில். அந்த அம்மாளுக்குப் புரிந்தது.